மொட்டைக் கார்

நான்கு வருடங்களுக்கு முன்னால், வைகாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. மதுரையில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நாட்கள். காலை பத்து மணி இருக்கும். வில்லாபுரத்தில் என் வீட்டு வாசலில் நின்று பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த போன் வந்தது. அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு முந்தைய பதினாலு வருடங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நான் இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டிகளைப் போய்ப் பார்த்து, எங்கே என்ன சேதம் என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். என் நண்பன் எனக்கு அறிமுகமானதும் அந்த வழியில்தான். மாட்டுத்தாவணி பக்கத்தில் ஒரு பஸ் அவனுடைய பழைய காரின் பின்பக்கத்தை இடித்துவிட்டது. அவன் சுங்குடிச் சேலை வியாபாரி. சேலை மூட்டைகளை ஏற்றத் தோதாக, கூரை பின்னால் கடைசிவரை நீண்டு போகும் கார் ஒன்று வைத்திருந்தான். பார்த்துவிட்டு வந்து ரிப்போர்ட்டில் 'ஸ்டேஷன் வேகன்' என்று எழுதினேன். மறுநாளே போன் செய்துவிட்டான்.

"சார், ரிப்போர்ட்ல தப்பு இருக்கு."

சேதத்தைக் குறைத்துப் போட்டுவிட்டேன் என்று சண்டைக்கு வருகிறாராக்கும் என்று நினைத்தேன்.

"ஸ்டேஷன் வேகன்னு போட்டிருக்கீங்க. அது அமெரிக்காக்காரன் சொல்றது சார். இது இங்கிலாந்து வண்டி. எஸ்டேட்னு போடுங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டும் ஒன்றுதான் சார் என்றேன். ஒன்று இல்லை என்று அரை மணி நேரம் பேசினான். அந்த அரை மணி நேரம் முடியும்போது 'சார்' போய் 'மாப்ள' வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே வயது. இரண்டு பேருக்கும் சின்ன வயதிலிருந்தே பழைய கார்ப் பைத்தியம். அதைப் பேசுவதற்கு மட்டும் அதுவரை ஆள் கிடைக்கவில்லை.

அவன் வீடு திருப்பரங்குன்றத்தில். அவன் சௌராஷ்டிரக் குடும்பத்துக்காரன். வீட்டில் மனைவியோடு அவர்கள் பாஷையில் பேசுவான், என்னோடு மதுரைத் தமிழில். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் நான் அங்கே போய்விடுவேன். வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை ஒன்று. அதற்குள்ளே அவனுடைய அப்பா விட்டுப்போன திறந்த கார். கரும்பச்சை நிறம், நாலு பேர் உட்காரலாம். அந்தக் காரைச் சுற்றி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, தங்கச்சி கொண்டுவந்து தரும் காபியைக் குடித்துக்கொண்டு சண்டை போடுவோம். அவன் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

என்ன சண்டை என்கிறீர்களா? பெயர்ச் சண்டைதான். கூரையோடு மூடிய நாலு கதவு வண்டி சலூனா, செடானா? கூபேயா, கூப்பா? கூரை மடங்கும் வண்டி எல்லாமே கன்வர்ட்டிபிள் என்பது என் கட்சி. கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடி இருந்தால்தான் கன்வர்ட்டிபிள், கண்ணாடி இல்லாமல் மழைக்குத் திரை மாட்டிக்கொள்வது டூரர் என்பது அவன் கட்சி. அவனுடைய கார் டூரர். அவன் சொல்வதுதான் சரி என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒத்துக்கொண்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன பேசுவது?

மதுரை, திண்டுக்கல், தேனி பக்கத்துப் பழைய கார்ப் பிரியர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸாப் குழு வைத்திருக்கிறோம். யாராவது ஒரு படத்தைப் போட்டால் போதும், நாங்கள் இரண்டு பேரும் ஆரம்பித்துவிடுவோம். மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பத்தில் ஒன்பது தடவை அவன்தான் ஜெயிப்பான். எந்த வண்டிக்கு எந்த ஊர்க்காரன் என்ன பெயர் வைத்தான், ஏன் வைத்தான் என்று வரி வரியாக எழுதுவான். தோற்றுப்போய் நான் முனகிக்கொண்டு இருப்பேன்.

இப்படியே பதிமூன்று வருடம் போனது.

பதினாலாவது வருடத்தில் நான் ஜெயிக்க ஆரம்பித்தேன்.

அந்த முதல் தடவை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. குழுவில் யாரோ நாலு கதவு வைத்த ஒரு பழைய காரின் படத்தைப் போட்டார்கள். அவன் 'அழகான கூபே' என்று எழுதினான். கூபே என்றால் இரண்டு கதவு. இந்த ஆளுக்கு அது தெரியாமல் இருக்குமா? பதிமூன்று வருடமாகக் காத்திருந்தவன் போல நான் பாய்ந்தேன். 'கதவை எண்ணிப் பாரு மாப்ள, கண்ணாடி மாத்தணுமா?' என்று எழுதினேன். ஒரே சிரிப்பு பொம்மைகளாக வந்து விழுந்தன. அவன் கட்டைவிரலை உயர்த்தும் பொம்மை ஒன்றை மட்டும் போட்டான்.

அதற்கப்புறம் அது அடிக்கடி நடந்தது. இரண்டு பேர் உட்காரும் திறந்த ரோட்ஸ்டரைச் சலூன் என்பான். எஸ்டேட் என்ற பெயரே வராமல் 'அந்தச் சேலை வண்டி' என்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நின்றுவிடுவான். கையைக் காற்றில் அசைத்து எதையோ பிடிக்கப் பார்ப்பான். நான் அவனை முந்திக்கொண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டு, ஜெயித்துவிட்டதாகத் தொடையைத் தட்டிக்கொள்வேன். வயசாகிவிட்டது, படிப்பதை விட்டுவிட்டான், வியாபாரக் கவனம் என்றெல்லாம் நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஐம்பத்தைந்து வயதில் வேறு எதை நினைக்கத் தோன்றும்?

ஒருநாள் கொட்டகையில் அவனுடைய காரையே காட்டி ஏதோ சொல்ல வந்தான். "இந்த... இந்த மூடி தொறக்குற வண்டி இருக்கு பாரு..." என்றான்.

"மூடி தொறக்கிறதுக்கு இதென்ன ஊறுகா ஜாடியா மாப்ள?" என்றேன்.

அவனும் சிரித்தான். நான் அதோடு விடவில்லை. குழுவில் போட்டேன். அது பிடித்துக்கொண்டது. அதன் பிறகு யார் எந்தத் திறந்த காரின் படத்தைப் போட்டாலும் கீழே ஒரு ஊறுகாய் ஜாடியின் படம் வந்துவிடும். அந்த ஜாடிகளைப் பார்த்து அவன் என்ன நினைத்தான் என்று இன்றைக்கு நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அந்த வருடம் தை மாதம், ஒரு கல்லூரி மைதானத்தில் எங்கள் குழுவினர் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினோம். வருடா வருடம் செய்வதுதான். பார்க்க வரும் மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஒவ்வொரு காராக நின்று, இது என்ன வகை, ஏன் அந்தப் பெயர் என்று மைக்கில் விளக்குவது அவன் வேலை. அதைக் கேட்கவென்றே ஆட்கள் வருவார்கள். அன்றைக்கு முதல் காரின் பக்கத்தில் போய் நின்றான். வணக்கம் சொன்னான். பிறகு காரைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். மறுபடியும் காரைப் பார்த்தான். மைக்கில் அவன் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது.

பக்கத்தில் நின்ற நான் என்ன செய்தேன் தெரியுமா? "இன்னைக்கு நம்ம புலவர் படிக்காம வந்துட்டாரு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அவன் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டேன். கூட்டமும் சிரித்தது. இருபத்திரண்டு வண்டிகளுக்கும் நானே பேசி முடித்தேன். கை தட்டினார்கள். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அவ்வளவு வருடமாக எனக்குள்ளே இருந்த ஒரு சின்னப் பொறாமை அன்றைக்குத்தான் ஆறியது.

திரும்பிப் பார்த்தபோது அவன் தன்னுடைய காருக்குள் உட்கார்ந்திருந்தான். தங்கச்சி பக்கத்தில் நின்று அவனுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தது. அந்தப் பார்வைக்கு எனக்கு அன்றைக்கு அர்த்தம் தெரியவில்லை.

அடுத்த வாரம் அவன் குழுவிலிருந்து விலகிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, தலைவலி, தூங்குகிறார் என்று தங்கச்சி சொன்னது. அதற்கு அடுத்த வாரமும் அதே பதில். தோற்றதைத் தாங்க முடியாமல் முறுக்கிக்கொண்டு இருக்கிறான் என்று நான் முடிவு கட்டினேன். பதிமூன்று வருடம் நான் தோற்கவில்லையா, நான் முறுக்கிக்கொண்டா போனேன்? கூப்பிடும்போது கூப்பிடட்டும் என்று நானும் இருந்துவிட்டேன். மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் அவனை நான் பார்க்கவில்லை. எனக்கும் அவனுக்கும் நடுவில் இருந்த தூரம் அரை மணி நேர பைக் ஓட்டம்.

அப்புறம்தான் அந்த வியாழக்கிழமை போன் வந்தது. தங்கச்சி பேசியது.

"அண்ணே, அவரு அங்க வந்தாரா?"

"இல்லையேம்மா. என்ன ஆச்சு?"

"காரை எடுத்துட்டுப் போயிட்டாருண்ணே. நான் குளிச்சிட்டு வாரதுக்குள்ள. சாவிய அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன், எப்படியோ எடுத்துட்டாரு. ஒம்பது மணியிலருந்து தேடுறோம்."

கார்ச் சாவியை எதற்காக அரிசி டின்னில் ஒளித்து வைக்க வேண்டும் என்று கேட்டேன்.

"அவருக்கு மறதி நோய்ண்ணே. டாக்டர் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இந்த வயசுலயே சில பேருக்கு வருமாம். இங்கிலீஷ் வார்த்தையெல்லாம்தான் முதல்ல போச்சு. இப்ப தமிழும் போயிக்கிட்டிருக்கு. எங்க பாஷை மட்டும் கொஞ்சம் பேசுறாரு."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"அவருதான் சத்தியம் வாங்கிட்டாரு. ஊருக்கே தெரிஞ்சாலும் அவனுக்குத் தெரியக்கூடாதுன்னாரு. தெரிஞ்சா பாவம்னு விட்டுக்குடுத்துருவான், எங்கூடச் சண்டை போட மாட்டான்னாரு."

பைக்கில் எப்படித் திருப்பரங்குன்றம் போய்ச் சேர்ந்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்த போலீஸ்காரர் நல்ல மனிதர். உடனே எழுத உட்கார்ந்தார். அவனுடைய வயது, உயரம், போட்டிருந்த சட்டை எல்லாவற்றையும் தங்கச்சி சொன்னது. அவனுடைய போட்டோவையும் கொடுத்தது. கார் நம்பரை நான் சொன்னேன்.

"என்ன மாதிரி வண்டி சார்?" என்று கேட்டார்.

"டூரர்" என்றேன்.

பதினாலு வருடமாக நான் கன்வர்ட்டிபிள் என்றுதான் அதைச் சொல்லிவந்தேன். அன்றைக்கு மட்டும் அவன் வார்த்தை என் வாயில் வந்தது. அதுதான் சரியான பெயர், சரியான பெயரைச் சொன்னால் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "டூரிஸ்ட்டா சார்?"

எனக்கு அவசரம். தங்கச்சி வேறு பக்கத்தில் அழுதுகொண்டிருந்தது. "ஆமாங்க, டூரர், டூரர். சீக்கிரம் சொல்லிவிடுங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எழுதினார். உள்ளே போய் வயர்லெஸ்ஸில் பேசினார்.

என் போனில் அந்தக் காரின் படங்கள் குறைந்தது நூறு இருந்திருக்கும். முன்னால், பின்னால், பக்கவாட்டில், கூரையை மடித்து, கூரையை ஏற்றி என்று எல்லாமே இருந்தன. அதில் ஒன்றை எடுத்து அவரிடம் காட்டினால் வேலை முடிந்திருக்கும். எனக்குத் தோன்றவே இல்லை.

அதன் பிறகு நாங்கள் தேடாத இடம் கிடையாது. விளக்குத்தூண் பக்கம் அவனுடைய கடை, பழைய மெக்கானிக் ஷெட், தை மாதம் கூடிய அந்தக் கல்லூரி மைதானம், மாட்டுத்தாவணி. குழுவில் விஷயத்தைச் சொன்னதும் ஆளுக்கொரு திசையில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ரிங் ரோடு முழுக்கச் சுற்றினார்கள். பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். எல்லாப் பக்கமும் கேட்டாச்சு சார், யாரும் பார்க்கவில்லை என்கிறார்கள் என்றே பதில் வந்தது. குழுக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த காரில் தங்கச்சி என் பக்கத்தில் உட்கார்ந்து, தாண்டிப் போகும் ஒவ்வொரு வண்டியையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தது. வெளியே ரோடு நெருப்பாகக் கொதித்தது. அவன் காரில் கூரை மடித்துக் கிடந்தது என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

மூன்றரை மணிக்குத் தங்கச்சியின் போன் அடித்தது. புது நம்பர். அவன் சட்டைப் பைகளில் எல்லாம் தன்னுடைய நம்பரை எழுதி ஒரு அட்டையைத் தங்கச்சி போட்டு வைத்திருந்தது. அதைப் பார்த்து யாரோ கூப்பிட்டார்கள்.

செக்கானூரணியைத் தாண்டி, உசிலம்பட்டி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு மண் பாதை. பாதையின் முனையில் ஒரு டீக்கடை. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயல்களுக்கு நடுவில் அந்தக் கரும்பச்சைக் கார் நின்றது. சுற்றிலும் ஒரு மரம் கிடையாது. முன் சக்கரம் ஒன்று வாய்க்கால் பள்ளத்தில் இறங்கியிருந்தது. டீக்கடைக்கார அம்மாவும் இன்னும் நாலைந்து பேரும் அவன் மேலே ஈரத்துணியைப் போட்டு, முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றார்கள். முன் சீட்டில் சாய்ந்து கிடந்தான். முகமெல்லாம் கன்றிச் சிவந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. கூரையின் ஒரு பக்கத்து வார் மட்டும் அவிழ்ந்து கிடந்தது. அதை ஏற்றப் பார்த்திருக்கிறான். அதை ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். ஆளுக்கொரு பக்கம் நின்று ஒன்றாக இழுத்தால்தான் அது மேலே வரும்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அந்த டீக்கடைக்கார அம்மா என்னிடம் பேசிக்கொண்டே இருந்தார். அவருக்கும் பதற்றம்.

"காலையில பத்து மணிக்கே வந்துட்டாருய்யா. பதினோரு மணிக்கு நான்தான் போயித் தண்ணி குடுத்தேன். வாங்கிக் குடிச்சாரு. என்னமோ பாஷையில பேசுனாரு, எங்களுக்கு வெளங்கல. வெளியூருக்காரரு, வயக்காட்டைப் பாக்க வந்திருக்காரு போலன்னு நெனச்சுக்கிட்டோம். ரெண்டு மணிக்கு மேல ஆளு அசையவே இல்லன்னு ஆடு மேய்க்கிறவுக வந்து சொன்னாக."

"போலீஸ் யாரும் வந்து கேக்கலையாம்மா?" என்றேன்.

"வந்தாகளே. பன்னெண்டு மணி போல ரெண்டு பேரு பைக்குல வந்து, டூரிஸ்ட் காரு ஏதும் இந்தப் பக்கம் வந்துச்சான்னு கேட்டாக. அதுல ஒரு ஆளைக் காணோம்னாக. டூரிஸ்ட் காருன்னா மஞ்சப் போர்டு போட்டுக்கிட்டு டாக்சியா வருமே, அதத்தான சொல்றாகன்னு, இல்லீங்க, வரலன்னுட்டோம். மொட்டக்காருன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா இங்கன இருந்தே கையக் காட்டியிருப்பேனேய்யா."

ரோட்டிலிருந்து பார்த்தால் டீக்கடைக்குப் பின்னால் இருந்த வைக்கோல் படப்பு காரை மறைத்தது. நாலடி தள்ளி நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்க அவர்களுக்குக் காரணம் இல்லை. அவர்கள் தேடியது வேறு வண்டியை.

மொட்டைக் கார். அந்த ஊரில் அதற்கு அதுதான் பெயர். மேலே ஒன்றும் இல்லாத காரை வேறு எப்படிச் சொல்வார்கள்? சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற பெயர். பதினாலு வருடம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தோமே, அந்தப் பெயர் எங்களுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் இருந்தான். உயிர் பிழைத்துவிட்டான். ஆனால் அதற்குப் பிறகு எழுந்து நடக்கவில்லை. பேச்சும் போய்விட்டது. அந்த வியாதி தன் வழியில் போய்க்கொண்டுதான் இருந்தது, வெயில் அதை வேகமாகத் தள்ளிவிட்டுவிட்டது என்று டாக்டர் என்னிடம் சொன்னார். வெயிலில் அவன் எத்தனை மணி நேரம் இருந்தான் என்று கேட்டார். ஐந்தரை மணி நேரம் என்றேன். பன்னிரண்டு மணிக்கே கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு தினமும் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனில் கார்ப் படங்களைக் காட்டுவேன். வேண்டுமென்றே தப்பாகச் சொல்வேன். நாலு கதவு வண்டியைக் காட்டி "இது ரோட்ஸ்டர் மாப்ள" என்பேன். எஸ்டேட்டைக் காட்டி "இதான கூபே?" என்பேன். ஒரு தடவையாவது முகத்தைச் சுளிப்பானா, இல்லை என்று தலையை ஆட்டுவானா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அவன் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையசைத்தான். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது.

ஆவணி கடைசியில் ஒருநாள் மத்தியானம் தூக்கத்திலேயே போய்விட்டான்.

ஸ்டேஷனில் நான் சொன்ன அந்த வார்த்தையைப் பற்றி யாரிடமும் நான் மூச்சு விடவில்லை. டீக்கடைக்கார அம்மா சொன்னபோது தங்கச்சி அவனுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அதை உள்ளே வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்வர முடியவில்லை. தங்கச்சி காபி கொடுத்தால் குடிக்க முடியவில்லை. அவன் போன பிறகு நாலு மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து, போலீஸ்காரர் கேட்டது, நான் சொன்னது, படத்தைக் காட்டாமல் விட்டது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கூடவே ஊறுகாய் ஜாடியையும் மைக்கையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

தங்கச்சி முழுவதையும் கேட்டது. பிறகு நிதானமாகச் சொன்னது.

"எனக்குத் தெரியும்ணே. அந்தப் போலீஸ்காரரு ரெண்டாம் நாளே ஆஸ்பத்திரிக்கு வந்துட்டாரு. நான்தான் தப்பா எழுதிட்டேன்மான்னு அழுதாரு. உங்க தப்பு இல்லங்கன்னு அனுப்பி வச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையேம்மா."

"கேட்டு என்னண்ணே ஆகப்போகுது? நீங்க தினம் வந்து அவரு பக்கத்துல உக்காந்திருந்தீங்க. நான் கேட்டிருந்தா வாரத நிறுத்தியிருப்பீங்க. அவருக்கு உங்களைத் தெரியலைன்னாலும் நீங்க வந்தா சாப்பிட்டாரு." நேராக என்னைப் பார்த்து, "ஆனா கோவம் இருந்துச்சுண்ணே. மைதானத்துல நீங்க அவரு கையில இருந்து மைக்க வாங்குனீங்க பாருங்க, அந்தக் கோவம். அது இன்னமும் கொஞ்சம் இருக்கு. பொய் சொல்ல மாட்டேன்" என்றது.

அது மன்னிப்பு இல்லை. ஆனால் அன்றைக்குப் பிறகுதான் என்னால் அந்த வீட்டுக் காபியைக் குடிக்க முடிகிறது. தங்கச்சி தன் மகளோடு இருக்கப் பெங்களூருக்குப் போகும்வரை மாதம் ஒரு தடவையாவது போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். காரைத் தேனியில் இருக்கும் எங்கள் குழுக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் குழுவில் இப்போதும் இருக்கிறேன். ஏதாவது பெயர்ச் சண்டை வந்தால் என்னைத்தான் தீர்ப்புச் சொல்லக் கூப்பிடுகிறார்கள். இரண்டும் சரிதான் என்று எழுதிவிட்டு வெளியே வந்துவிடுகிறேன்.

அந்த ஐந்தரை மணி நேரத்தை நினைத்து வருந்துவதைவிட, அதற்கு முந்தைய ஒரு வருடத்தை நினைத்துத்தான் நான் அதிகம் வருந்துகிறேன். வார்த்தை ஒவ்வொன்றாக அவனை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அது என் கண் முன்னால்தான் நடந்தது. நான் கணக்கில் எடுத்துக்கொண்டதெல்லாம் என் வெற்றியை மட்டும்தான். இப்போதெல்லாம் யாராவது பேச்சின் நடுவில் ஒரு வார்த்தைக்காகத் தடுமாறினால் நான் எடுத்துக் கொடுப்பதும் இல்லை, திருத்துவதும் இல்லை. பேசாமல் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறேன். அவனுக்கு அது ஒன்றைத்தான் நான் செய்யாமல் போனேன்.